நிகழ்த்துகவிதை மேடை அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். வீட்டில் இரண்டு மொழி, தெருவில் மூன்றாவது மொழி என்று கேட்டு வளர்ந்த புலம்பெயர் பிள்ளை நான். ஸ்போக்கன் வேர்ட், அதாவது மேடையில் குரலால் நிகழ்த்தும் கவிதையின் கலைஞராக உங்கள் மேடைகளில் ஏறி வருகிறேன். அழைப்பு வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரும்பாலும் பல்பண்பாட்டு விழாவுக்கென்றே வருகிறது. வழக்கமான மேடைகளில் எங்கள் பெயர் அபூர்வம்.

சமீபத்தில் ஒரு நிகழ்ச்சிக்கு, வாடகை வீட்டைப் பற்றிய கவிதை ஒன்றை அனுப்பினேன். "நல்லா இருக்கு, ஆனா உங்க வேர்களைப் பத்தி ஏதாவது இருக்கா?" என்று பதில் வந்தது. பாரம்பரிய உடையில் வரச் சொல்லியும் கேட்டார்கள். கவிஞர்கள் மேடையில் கவிதை நிகழ்த்தி மதிப்பெண் பெறும் ஸ்லாம் போட்டிகளின் வழக்கமான விதிகள் உங்களுக்கே தெரியும்: மூன்று நிமிடம், சொந்தக் கவிதை. ஒப்பனை உடை, பொருட்கள், இசைக்கருவி எதுவும் கூடாது. எல்லோரும் வெறும் குரலோடு சமமாக நிற்கட்டும் என்பதற்காக வந்த விதி அது. அந்தச் சமம் எங்களுக்கும் வேண்டும்.

இந்தக் கலை வளர்ந்த விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். சிகாகோவில் கவிஞர் மார்க் ஸ்மித் 1986இல் ஸ்லாமைத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே, 1973 வாக்கில், நியூயார்க்கில் கவிஞர் மிகுவேல் அல்கரீனின் வீட்டில் போர்ட்டோரிக்கக் கவிஞர்கள் கூடி ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். நியூயோரிக்கன் (நியூயார்க் போர்ட்டோரிக்கர்) கவிஞர்கள் கஃபே என்ற கவிதை அரங்கம் அங்கேதான் பிறந்தது. ஜமைக்காவில் பிறந்து சிறு வயதில் லண்டன் வந்த கவிஞர் லின்டன் க்வெசி ஜான்சன், ரெகே என்ற ஜமைக்க இசையின் தாளத்தில், ஜமைக்கப் பேச்சுமொழியில் எதைப் பாடினார்? தான் வாழ்ந்த லண்டனை, கறுப்பின இளைஞர்கள் மீது போலீஸ் காட்டிய வன்முறையை. ஜமைக்கா அவர் நாக்கில் இருந்தது. பொருளை அவரே தேர்ந்தெடுத்தார். எனக்கு அவர் முக்கியமானவராக இருப்பது இதனால்தான்.

என் பாட்டியைப் பற்றியும் எழுதுவேன், எனக்குத் தோன்றும்போது. வாடகையைப் பற்றி எழுதினாலும் அந்த மூன்று மொழிகளின் ஓசையும் வரிக்கு வரி அதில் இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்று, அறிமுக உரை. ஸ்லாமில் நடுவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்களிலிருந்து அங்கேயே பிடித்து உட்கார வைக்கப்படும் ஐந்து பேர். "துயரங்களைக் கடந்து வந்தவர்" என்று தொகுப்பாளர் சொல்லிவிட்டால், அவர்கள் அந்தத் துயரத்தைத்தான் தேடுவார்கள். அது வராவிட்டால் ஏமாற்றம், வந்துவிட்டால் இரக்கத்துக்கு மதிப்பெண். இரண்டிலும் கவிதை காதில் விழுவதில்லை.

ஆகவே கேட்கிறேன். எங்கள் அறிமுகத்தை நாங்களே எழுதித் தருகிறோம், அதை அப்படியே வாசியுங்கள். தலைப்பை எங்களிடம் விடுங்கள். மற்றவர்களுக்குத் தரும் அதே சன்மானத்தைத் தாருங்கள். "வாய்ப்புத் தருகிறோமே" என்பது சம்பளமாகாது. பல்பண்பாட்டு விழா முடிந்த பிறகு வரும் சாதாரண வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்கும் எங்களைக் கூப்பிடுங்கள். அந்த வாடகை வீட்டுக் கவிதை தயாராக இருக்கிறது.

அன்புடன்,
ஒரு நிகழ்த்துகவிதைக் கலைஞர்