முப்பது வயது விதி யாரை அனுப்புகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கான விதிகளை இன்னும் இறுக்க வேண்டும் என்று தங்கள் தலையங்கம் சொல்கிறது. தாராவியில் 11 ஆண்டுகளாகப் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். விதியை இறுக்கும்போதெல்லாம் போகிற ஆள் மாறுகிறாள், போகிற வழியும் மாறுகிறது.

1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ‘இசிஆர்’ (குடியகல்வுச் சரிபார்ப்பு தேவை என்று குறித்த) பாஸ்போர்ட். குவைத், சவூதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடியகல்வு அனுமதி வேண்டும். பெண் என்றால் 30 வயதும் நிறைந்திருக்க வேண்டும். எங்கள் சந்துகளில் முப்பது வயதுக்காரி பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் தாய். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறவளுக்குத்தான் இந்த விதி கதவைத் திறக்கிறது!

சென்ற ஆண்டு ஒரே வீட்டு அக்காள், தங்கை இருவரும் வந்தார்கள். இருவருமே எட்டாவதோடு நின்றவர்கள். 33 வயது அக்காள் அனுமதி பெற்று, 10 லட்சம் ரூபாய்க் காப்பீட்டோடு, இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுக் குவைத் போனாள். தங்கைக்கு 24, கல்யாணம் ஆகவில்லை. அப்பா வாங்கிய கடனுக்காகப் போக நினைத்தவளே அவள்தான். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களிடம் குடியகல்வு அனுமதி கேட்பதில்லை என்பதால், ஒரு ஏஜென்ட் விசிட் விசாவில் துபாய்க்கு அனுப்பிவிட்டார். நான்கு மாதம் சம்பளம் இல்லை, பாஸ்போர்ட் வீட்டுக்காரர் கையில். ஒப்பந்தம், காப்பீடு, அரசுப் பதிவு எதுவும் கிடையாது. அவள் அம்மா என் மேசையில் தலைசாய்த்து அழுதபோது எந்தப் படிவத்தை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

  

வயது வரம்பை 21 ஆக்கட்டும். ஒப்பந்தத்தையும் சம்பளத்தையும் கடுமையாகச் சரிபார்க்கட்டும். இசிஆர் பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்ற உத்தரவு நல்லதே. ஆனால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. ஏஜென்ட்டோ எங்கள் தெருமுனையில் இருக்கிறார். அந்த நிறுவனம் மாதம் ஒரு நாளாவது மும்பையில் முகாம் நடத்த வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம்.

ஒரு வாசகி,
தாராவி, மும்பை.