மானியில் ஏறாத பனி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருவப் பகுதிகளில் பனிப்பொழிவை அளக்கும் தானியங்கிக் கருவிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ‘துல்லியம்’ என்ற சொல்லை மட்டும் அத்தனை தாராளமாகப் போட்டிருக்க வேண்டாம்.

நான் எமரால்டு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் எழுத்தராக இருந்தவன். காலை எட்டரைக்கு மழைமானியை அளந்து பேரேட்டில் எழுதுவதும் என் வேலை. தென்மேற்குப் பருவத்தில் எங்கள் பக்கம் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். பாதி, மானியின் வாயைத் தாண்டிப் போய்விடும். நான் எழுதியது குறைந்த கணக்குத்தான் என்று அன்றே தெரியும். மழைத்துளிக்கே இந்தக் கதி என்றால் பஞ்சு போன்ற பனித்துகளுக்குக் கேட்கவா வேண்டும்? பலத்த காற்றில், மறைப்பில்லாத மானிக்குள் பெய்த பனியில் பாதிகூடச் சேராது. அதனால்தான் உலக வானிலை அமைப்பின் ஒப்பீட்டு முறையில் மானியைச் சுற்றி எண்கோணமாக இரட்டை மரவேலி கட்டுகிறார்கள். வெளிவேலி மட்டும் 12 மீட்டர் அகலம்!

அதிரும் கம்பியில் வாளியைத் தொங்கவிட்டு, எடை ஏற ஏற அதிர்வு மாறுவதைக் கொண்டு பனியை நிறுக்கும் கருவி உண்டு. வாளியில் உறையாத திரவம். அது ஆவியாகாதிருக்க மேலே எண்ணெய்ப் படலம், ஊறுகாய் ஜாடியில் நிற்பதுபோல. கெட்டிக்கார வேலைதான். ஆனால் தரையில் கிடக்கும் பழைய பனியைக் காற்று கிளப்பிக் கொண்டுவந்து போட்டால், இன்று பெய்ததா, போன வாரத்ததா என்று வாளி எப்படி அறியும்? அண்டார்டிகாவின் உயர்ந்த பீடபூமியில், மேகமில்லாத வானிலிருந்தே பொடிப்பொடியாகப் பனிப்படிகங்கள் இறங்கும். எடை பார்க்கும் கருவிக்கு அவை பெரும்பாலும் தெரிவதே இல்லை.

எங்கோ இருக்கும் துருவத்துக்கு நான் ஏன் வரிந்து கட்டுகிறேன் என்று கேட்கலாம். போன ஜனவரியில் இரண்டு இரவு உறைபனி விழுந்து, பள்ளத்தில் இருக்கும் என் முக்கால் ஏக்கர் தேயிலை கருகிப்போனது. காலையில் புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல் கிடந்தது. நிவாரணம் கேட்டுப் போனால், மேட்டில் உள்ள தானியங்கி நிலையத்தின் தாளை நீட்டினார்கள்: குறைந்தபட்சம் 3 டிகிரி, மழை 0.

தாள் பொய் சொல்லவில்லை. பேச்சுக்குத்தான் உறைபனி ‘விழுகிறது’ என்கிறோம். காற்றின் ஈரம் புல்லின் மேலேயே உறைகிறது. அது மழைமானியில் ஏறாது. குளிர்ந்த காற்று கனமானதால் இரவில் பள்ளத்தில் வந்து தேங்கும். தெளிந்த வானத்துக்குக் கீழே, ஆள் உயரத்தில் 3 டிகிரி இருக்கும்போதே புல்நுனி உறைநிலைக்குக் கீழே போயிருக்கும்.

பள்ளங்களில் புல்மட்டத்தில் ஒரு வெப்பமானி வைத்தால் போதும், பெரிய செலவில்லை. அதுவரை, நேரில் போய்ப் பார்த்து எழுதியவனின் பேரேட்டையும் அதிகாரிகள் ஒருமுறை புரட்டட்டும். வேலை விட்ட பிறகும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்த இரண்டு தேதிகளும் அதில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட எழுத்தர்,
எமரால்டு, நீலகிரி மாவட்டம்