மலைக்குப் போய் வருகிறவர்கள்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற சித்திரை முதல் இந்தப் பங்குனி வரை நடந்ததை வாசிக்கிறேன். போன வருஷ அறிக்கை நீளம் என்று மதினிமார்கள் குறைப்பட்டார்கள். அதனால் கூட்டம் நடந்த தேதிகளைத் தீர்மான நோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டிக்கு மேற்கே நம் ஊர்களில் மானாவாரி ஏமாற்றினால் ஆள்கள் ஏலக்காட்டுக்குக் கிளம்புவது புதிதில்லை. தேனிப் பக்கத்து ஆள்கள் விடியுமுன் ஜீப் ஏறிப் பொழுதுசாய வீடு திரும்பிவிடுகிறார்கள். நமக்குத் தூரம் அதிகம். ஆடி ஆவணியில் காய் எடுப்பு ஆரம்பித்தால் தை, மாசி வரை உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே தங்கல்தான். போடிமெட்டிலோ கம்பம்மெட்டிலோ எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போய்விட்டால் நாம் வெளிமாநிலத்தார்.

ஐப்பசியில் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நம் உறுப்பினர் அக்கா ஒருவர் காய் எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு மேல்வரிசையில் காலையில் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள். காய் பிடிக்கிற ஏலச் சரம் செடியின் அடியில் தரையோடு படர்ந்து கிடக்கும். குனிந்து, உட்கார்ந்துதான் பறிக்க முடியும். சாரல் முழுக்கத் தலையில். மத்தியானம் வாந்தி, வாயில் எச்சில் ஒழுகல், கண் மங்கல். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். சாயங்கால ஜீப்பில் ஏற்றி விட்டார்கள். இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது இரவாகிவிட்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" கூட வந்தவர்கள் சொன்ன பதில், "வெள்ளை டப்பா."

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்ததைப் பார்த்தே டாக்டர் கண்டுபிடித்து அட்ரோபின் போட்டார். அக்கா பிழைத்து, இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துக்கு அட்ரோபின் முறிவு. வேறு வகைக்கு வேறு வைத்தியம். பெயர் தெரியாவிட்டால் டாக்டரும் அறிகுறியை வைத்து ஊகிக்கத்தான் வேண்டும். நானும் பதினோரு வருஷம் மலையில் மருந்தடித்தவன். அன்றைக்கு வரை ஒரு டப்பாவையாவது திருப்பிப் பார்த்தவனில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய ஆள்கள் எந்த மருந்தையும் இன்னும் "எண்டோசல்ஃபான்" என்கிறார்கள். அதை 2011இலேயே உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் வைத்தியம் திசைமாறிப் போகும்.

அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றுதான்: டப்பாவைப் போட்டோ எடுப்பது. லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. முறிவு மருந்தும் அதிலேயே அச்சாகியிருக்கும், என்ன, எழுத்துத்தான் எறும்பு அளவு. தோட்டத்துக்குள் போனைக் கொண்டுபோக விடுவதில்லை என்றார்கள். சரி என்று, மருந்தடிக்கிற பையன்கள் சாயங்காலம் காலி டப்பாவைப் படமெடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போடுவதாக ஏற்பாடு. கார்த்திகையிலிருந்து படம் வருகிறது. சில டப்பாக்களில் லேபிளே இல்லை. கேட்டால் கிழிந்துவிட்டது என்று பதில். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னோம். பாதிப் பேர்தான் கேட்டார்கள். லயத்தில் வேறு குடம் இல்லை என்பதும் உண்மைதான்.

கக்கூஸ் விஷயத்தில் இந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு இல்லாத ஆள் அபூர்வம். 2025 நவம்பர் வரை இருந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஏலமும் உண்டு. ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்துக்குப் பொதுவாக அது பொருந்தவில்லை. நம்மவர்கள் போவதெல்லாம் பெரும்பாலும் சின்னத் தோட்டம். வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979ஆம் வருஷச் சட்டம் 5 பேரிலிருந்து பொருந்தும் என்றிருந்தது. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றாகச் சேர்த்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அது 10 பேர். ஜீப்பில் அளவோடு ஏறினால் சட்டத்துக்குள் வரமாட்டோம், அடைத்து ஏற்றினால் வருவோம் போலிருக்கிறது!

ஜீப் என்றதும் நினைவு. போடியிலிருந்து மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேர வைத்தியத்துக்கு இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது. மேலே ஏறி அந்தப் பக்கம் கவிழ்ந்தால் கிடையாது. கேரளாவில் வெளிமாநிலத் தொழிலாளருக்கான ஆவாஸ் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால் சிகிச்சைக்கு உதவி உண்டு. நம்மில் அந்த அட்டை எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. அடுத்த தடவை போகும்போது ஆதாரை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பிரஷர், சுகர் மாத்திரை விஷயத்தில் மட்டும் சின்ன வெற்றி. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்தது. தேடி வருகிற நேரத்தில் நாம் மலையில் இருந்தால் என்ன செய்வது? கிராம செவிலியரிடம் பேசினோம். நாம் இறங்கி வரும்போது மொத்தமாக மாத்திரை தர ஒத்துக்கொண்டிருக்கிறார். மாத்திரை எழுதிய தாளைத் தொலைக்காமல் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய ஒரே கட்டளை. அதையும் இருவர் தொலைத்துவிட்டார்கள்.

எலிக்காய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் ஓடைச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மலைக்குப் போய் வந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கடையில் மாத்திரை வாங்கி மூன்று நாள் பார்ப்பது வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ரப்பர் பூட்ஸ் வாங்கிய ரசீது ஒன்று என்னிடம் தொலைந்துவிட்டது. தணிக்கையில் அதை என் பெயரில் எழுதிக்கொள்ளலாம். ஆடிக்கு முன்பு டப்பாப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு ஒவ்வொரு லயத்திலும் ஒட்ட வேண்டும் என்ற தீர்மானத்தையும் சேர்த்து, இந்த அறிக்கையைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்