கப்பிங் செய்யப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மெசினில் குனிந்து தைத்துத் தைத்துக் கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப் போய், கண்டியில் கப்பிங், அதாவது தோலில் கிண்ணம் வைத்து உறிஞ்சி இழுக்கும் வைத்தியம், செய்யப் போகிறேன் என்றாய். போய் வா புள்ள. ஆனால் உலர் கப்பிங் மட்டும் செய். தோலைக் கீறி இரத்தம் எடுக்கும் ஹிஜாமா உனக்கு வேண்டாம். இரத்தக்குறைவு இருக்கிறவர்களுக்கு அது ஆகாது. "கெட்ட இரத்தம் போகட்டும்" என்று வற்புறுத்தினாலும் சம்மதிக்காதே.

யூனானி, ஆயுர்வேத வைத்தியர்கள் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கூச்சப்படாமல் கேள். என்னென்ன மாத்திரை குடிக்கிறாய் என்பதையும் சொல்.

வெறும் வயிற்றோடு போகாதே, தலை சுற்றும். குப்புறப் படுக்கவைத்து எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்துப் பம்பால் இரண்டு மூன்று இழுப்பு இழுப்பார்கள். தோல் கிண்ணத்துக்குள் மேடாக எழும்பும். இறுக்கிப் பிடித்த மாதிரி இருக்கும், அது சரிதான். சுரீரென்று குத்தினாலோ, எரிந்தாலோ, கை மரத்தாலோ உடனே சொல், காற்றைத் திறந்துவிடுவார்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு கிடக்காதே. அளவுக்கு மிஞ்சி இழுத்தாலும் நெடுநேரம் விட்டாலும் கொப்புளம் போடும். முதல் தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், பத்தைத் தாண்ட விடாதே. முள்ளந்தண்டு எலும்பின் மேலும் கழுத்தின் முன்பக்கமும் வைக்கக்கூடாது.

கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நெருப்புக் காட்டி வைப்பதும் உண்டு. பஞ்சிலிருந்து ஸ்பிரிட் சொட்டினாலோ, விளிம்பு சூடேறினாலோ தோல் வெந்துவிடும். பம்பே நல்லது.

பிறகு வட்ட வட்டமாகச் சிவப்பாகவோ கருநீலமாகவோ தெரியும். தோலுக்கடியில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் உடைந்து கசிந்த இரத்தம்தான் அது, விஷம் வெளியேறிய அடையாளம் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரத்தில் மறையும். கறுத்த வட்டத்தைக் காட்டி நோய் சொன்னால் நம்பாதே.

ஹட்டன் பஸ்ஸில் பையைத் தோளில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொள், பட்டி உரசினால் எரியும். கினிகத்தேனை தாண்டினால் குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொள். அன்றிரவு சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காதே. சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போ.

சில நாளைக்கு இறுக்கம் தளரும். கதிரை உயரத்தைச் சரிசெய்யாமல் அப்படியே குனிந்து தைத்தால் வலி திரும்பிவிடும். மறுபடி செய்வதென்றால் வட்டம் முழுக்க மறைந்த பிறகு செய்.

அன்புடன்,
அம்மா