எதை எண்ணினோம் என்று கிடங்குக்கும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பதிவுகளையெல்லாம் ஒரே தரவுக் கிடங்கில் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் போதும், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்துவிடும் என்ற தொனியில் அண்மைக் காலமாகப் பத்திரிகைகளில் நிறைய எழுதப்படுகிறது. தரவுக் கிடங்குகளை வடிவமைப்பதிலும், அதைவிட அதிகமாகப் பழுதுபார்ப்பதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அக்கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றை எடுத்துச்சொல்ல விரும்புகிறேன். கிடங்கில் எண்கள் சேர்கின்றன. அந்த எண்கள் எவற்றைக் குறிக்கின்றன என்ற விளக்கம் சேர்வதில்லை. அந்த விளக்கத்தை, கணினியும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் துறைசார் ஆன்டாலஜி என்று பெயர்.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் நடந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். மாதாந்திரக் கூட்டத்தில் இரண்டு பிரிவினர் ஆளுக்கொரு அறிக்கையை வைத்தார்கள். இரண்டும் ஒரே கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டவை. இரண்டுக்கும் ‘நோயாளிகள் எண்ணிக்கை’ என்றே தலைப்பு. ஆனால் ஒன்றிலிருந்த எண் மற்றதைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. தவறு யாருடையது என்ற வாக்குவாதத்திலேயே முதல் அரைமணி நேரம் போயிற்று. உண்மையில் கணக்கில் யாரும் தவறவில்லை. ஒரு பிரிவு, உள்நோயாளி அனுமதிப் பதிவுகளை எண்ணியிருந்தது. மற்றொரு பிரிவு, ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் எடுக்கப்படும் படுக்கைக் கணக்கை மாதம் முழுவதற்கும் கூட்டியிருந்தது. 40 படுக்கைகள் உள்ள ஒரு வார்டு 30 நாட்களும் நிரம்பியிருந்தால் அந்தக் கூட்டல் 1,200 என்று வரும். அது 1,200 பேர் அல்ல, 1,200 நோயாளி-நாட்கள். சராசரியாக ஒவ்வொருவரும் ஆறு நாட்கள் தங்கினார்கள் என்றால் அனுமதிகள் 200-தான். அந்த 200-லும் ஒரே மனிதர் மூன்று முறை வந்து போயிருந்தால் மூன்று அனுமதிகளாகப் பதிவாகியிருப்பார் என்பதால், ஆட்களின் எண்ணிக்கை இன்னும் குறையும்.

கிடங்கிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழி இதைத் தடுக்காது. நெடுவரிசையில் இருப்பது முழு எண். முழு எண்களைக் கூட்டச் சொன்னால் அது கூட்டித் தரும். படுக்கைக் கணக்கை வார்டு வாரியாகக் கூட்டலாம், நாள் வாரியாகக் கூட்டினால் வேறொரு பொருளாகிவிடும் என்ற அறிவு அந்த அட்டவணையில் எங்கும் இல்லை. அது வடிவமைத்தவரின் தலையில் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிவிட்டது.

பலபொருள் ஒருசொல், ஒருபொருட் பன்மொழி என்று நம் இலக்கணம் பிரித்துக் காட்டும் இரண்டும் கிடங்குகளில் அன்றாடத் தொல்லைகள். ‘நோயாளி’ என்ற ஒரு சொல்லுக்கு ஆள், அனுமதி, படுக்கை-நாள் என மூன்று பொருள். மறுபக்கம், ஆய்வகத்தின் மென்பொருளில் ‘சர்க்கரை’ என்றும், வார்டு மென்பொருளில் ‘குளுக்கோஸ்’ என்றும், கட்டணப் பிரிவில் வெறும் குறியீட்டு எண்ணாகவும் வரும் மூன்றும் ஒரே பரிசோதனை. முதல் வகைச் சிக்கலைப் பிரிக்க வேண்டும். இரண்டாம் வகையைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் இன்றுவரை தரவு ஏற்றும் நிரல்களுக்குள் நிபந்தனை வரிகளாக ஒளித்துவைத்தே காலம் தள்ளுகிறோம்.

இத்துறையில் எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் ஒரு பொருத்தம் உண்டு. கிடங்கின் மீதான பன்முக ஆய்வுக்கு ஓலாப் என்ற பெயரைத் தரவுத்தள அறிஞர் எட்கர் காட் முன்வைத்தது 1993-ல். ஆன்டாலஜி என்பது ஒரு கருத்தாக்கத்தை வெளிப்படையாக வரையறுத்துச் சொல்வது என்று கணினி அறிஞர் டாம் க்ரூபர், தம் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வரையறையைத் தந்ததும் அதே 1993-ல். ஆனால் இரண்டும் வெவ்வேறு மனிதர்களிடம், வெவ்வேறு மாநாடுகளில் வளர்ந்தன. கிடங்குக்காரர்கள் வேகத்தையும் கூட்டுத்தொகையையும் கவனித்தார்கள். ஆன்டாலஜிக்காரர்கள் பொருளையும் தர்க்கத்தையும் கவனித்தார்கள். எண்களைப் பதியும் ஃபேக்ட் அட்டவணைகள் எல்லாம், அந்த எண்களை நாள், வார்டு என்று வகைப்படுத்தும் டைமென்ஷன்களைப் பொதுவாகப் பகிர வேண்டும் என்று கிடங்கு வடிவமைப்பு வல்லுநர் ரால்ஃப் கிம்பால் வற்புறுத்தியது இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும், பகிரப்படும் அந்த டைமென்ஷனில் உள்ள ஒரு மதிப்பு உண்மையில் என்ன என்பதை அதுவும் சொல்வதில்லை.

ஆன்டாலஜி என்ன செய்யும்? ‘அனுமதி’ என்பது ஒரு நிகழ்வு, ‘நோயாளி’ என்பவர் ஒரு மனிதர், ஒன்று மற்றதாக இருக்க முடியாது, ஒவ்வோர் அனுமதியும் ஒரே ஒரு மனிதருடன் தொடர்புடையது, படுக்கைக் கணக்கு ஒரு கணத்தின் நிலையளவு என்பவற்றைத் தர்க்க வாக்கியங்களாக எழுதி வைக்கலாம். நிலையளவைக் காலத்தின் வழியே கூட்டக் கூடாது என்ற விதியை ஒருமுறை எழுதினால், படுக்கைக் கணக்குக்கும் மருந்து இருப்புக்கும் வங்கி இருப்புக்கும் அது பொருந்தும். அறிக்கைக் கருவி, கூட்டுவதற்கு முன் இந்த விதியைப் பார்த்துவிட்டு எச்சரிக்கலாம்.

இதைவிட வளமான பயன் படிநிலைகளில் இருக்கிறது. கிடங்கின் டைமென்ஷனில் ஒவ்வோர் உறுப்புக்கும் வழக்கமாக ஒரே ஒரு மேல்நிலைதான்: நாள் மாதத்துக்குள், மாதம் ஆண்டுக்குள். உலகம் அப்படி இல்லை. நுரையீரல் காசநோய் ஒரு தொற்றுநோய். அதுவே நுரையீரல் நோயும்கூட. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய் வகைப்பாட்டில் அது தொற்றுநோய்களுக்கான முதல் அத்தியாயத்தில் இருக்கிறது; சுவாச மண்டலத்துக்கான பத்தாம் அத்தியாயத்தில் இல்லை. ஆகவே, சுவாச நோய்களின் சுமை எவ்வளவு என்று அத்தியாய வாரியாகக் கூட்டிப் பார்ப்பவருக்கு ஒரு காசநோயாளிகூடக் கண்ணில் படமாட்டார். பிழைச் செய்தியும் வராது. ஸ்னோமெட் சிடி போன்ற மருத்துவ ஆன்டாலஜியில் ஒரு நோய்க்குப் பல மேல்வகைகள் இருக்கலாம் என்பதால், ‘நுரையீரலைப் பாதிக்கும் எல்லா நோய்களும்’ என்று கேட்டாலே காசநோயும் நிமோனியாவும் சேர்ந்து வரும்.

பக்கவாதத்தின் கதை இன்னும் நுட்பமானது. ஐசிடி-10-ல் அது இரத்த ஓட்ட மண்டல நோய்களின் அத்தியாயத்தில் இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11-ல் நரம்பு மண்டல நோய்களுக்கு மாறியிருக்கிறது. ஒரு கிடங்கு பழைய வகைப்பாட்டிலிருந்து புதியதற்கு மாறும் ஆண்டில், இரத்த ஓட்ட நோய்கள் திடீரெனக் குறைந்ததாகவும் நரம்பு நோய்கள் பெருகியதாகவும் வரைபடம் காட்டும்; நோயாளிகளோ அதே நோயாளிகள்தாம். அத்தியாய எண்ணை டைமென்ஷனில் எழுதி வைத்த கிடங்கு இந்த இடத்தில் பொய் சொல்லும். நோயின் இயல்பைத் தனியாகவும், எந்த வகைப்பாடு அதை எங்கே வைக்கிறது என்பதைத் தனியாகவும் பதிந்து வைத்த கிடங்கு பொய் சொல்லாது.

ஒரே உறுப்புக்கு இரண்டு மேல்வகை இருந்தால் இருமுறை எண்ணப்படுமே என்று கிடங்குக்காரர்கள் உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொற்றுநோய்களின் தொகையையும் நுரையீரல் நோய்களின் தொகையையும் கூட்டி மொத்தம் என்று போட்டால் காசநோயாளி இருமுறைதான் எண்ணப்படுவார். எந்தெந்த வகைகள் ஒன்றையொன்று தொடாதவை என்பது ஆன்டாலஜியில் எழுதப்பட்டிருந்தால், எந்தத் தொகைகளைக் கூட்டலாம் என்பதையும் அதிலிருந்தே அறியலாம். மேல்வகை ஒன்றே என்று கட்டாயப்படுத்துவது சிக்கலைத் தீர்ப்பதில்லை, மறைக்கிறது.

இதில் கால் வைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பள்ளமும் உண்டு. நானே விழுந்து எழுந்தது. கிடங்கில் ஒரு வரி இல்லையென்றால் அந்தச் செய்தி இல்லை என்று கொள்கிறோம். 2004-ல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரப்படுத்திய ஓடபிள்யூஎல் என்ற ஆன்டாலஜி மொழியில், வரி இல்லையென்றால் ‘தெரியவில்லை’ என்றுதான் பொருள். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறந்த தேதி உண்டு என்று அம்மொழியில் எழுதிவிட்டு, தேதி இல்லாத பதிவுகளை அது பிடித்துக்கொடுக்கும் என்று இரண்டு நாட்கள் காத்திருந்தேன். அது ஒன்றையும் பிடிக்கவில்லை. தேதி எங்கோ இருக்கிறது, எனக்குத்தான் தெரியாது என்று அது தன் தர்க்கப்படி சரியாகவே முடிவு செய்திருந்தது. விடுபட்டவற்றைச் சரிபார்க்க, 2017-ல் வந்த ஷாக்கிள் போன்ற வேறு கருவி வேண்டும்.

கோடிக்கணக்கான ஃபேக்ட் வரிகளை ஆன்டாலஜிக் கருவிக்குள் ஏற்ற முயல்வதும் வீண் வேலை. ஸ்னோமெட் சிடியில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துருக்கள் இருந்தும், எளிமையாக்கப்பட்ட தர்க்க மொழியில் எழுதப்பட்டிருப்பதால் அவற்றின் படிநிலையைச் சாதாரணக் கணினியிலேயே கணித்துவிடலாம். எது எதன் கீழ் வருகிறது என்ற அந்த முடிவை மட்டும் ஓர் இணைப்பு அட்டவணையாகக் கிடங்கில் எழுதி வைத்தால், பழைய எஸ்க்யூஎல்லே மீதியைப் பார்த்துக்கொள்ளும். வரிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அறிக்கைக் கருவிகளில் ஏற்கெனவே உள்ள பொருள் அடுக்கு போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அது நெடுவரிசைக்கு நல்ல பெயரும் சூத்திரமும் தருகிறது, பயனுள்ளதுதான். ஆனால் அந்தக் கருவியை மாற்றினால் அதுவும் போய்விடும். மேலும் அதை எழுதுபவர் பெரும்பாலும் நிரலாளர். ஆன்டாலஜியை எழுத வேண்டியவர்களோ மருத்துவர்கள், செவிலியர்கள், ஆவணப் பிரிவினர். எங்கள் குழுவில், அனுமதிக்கும் பகல்நேரச் சிகிச்சைக்கும் இடையிலான கோடு எங்கே என்பதை முடிவு செய்ய மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. அதைக் கணினிக்கு எழுதிக்கொடுக்க ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. செலவு என்பது பெரும்பாலும் அந்தக் கூட்டங்களின் செலவே.

இப்போது கேள்வியைப் பேச்சுமொழியில் தட்டினால் செயற்கை நுண்ணறிவே எஸ்க்யூஎல் எழுதிக் கொடுக்கிறது என்பதால் அவசரம் கூடியிருக்கிறது. நெடுவரிசையின் பெயரைப் பார்த்து ஊகித்துத்தான் அதுவும் எழுதுகிறது. அனுபவமுள்ள ஓர் ஆய்வாளர் சந்தேகப்பட்டுப் பக்கத்து மேசையில் கேட்பார். இது கேட்காமல், தயங்காமல், அழகான வரைபடத்துடன் தவறான விடையைத் தரும். ஊகிக்கத் தேவையில்லாதபடி பொருளை எழுதிக் கொடுத்தால் அதன் விடைகள் திருந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் குறிப்பிட்ட மருத்துவமனைக் குழுமத்தில் எல்லாத் துறைகளுக்கும் ஆன்டாலஜி எழுத நாங்கள் முனையவில்லை. உள்நோயாளிப் பிரிவுக்கு மட்டும், சண்டை வந்த சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். இப்போது மாதக் கூட்டத்துக்கு ஆட்கள், அனுமதிகள், நோயாளி-நாட்கள் என மூன்று எண்கள் தனித்தனிப் பெயரில் வருகின்றன. யாராவது பழைய பழக்கத்தில் ‘நோயாளிகள் எண்ணிக்கை’ என்று தட்டினால், மூன்றில் எது வேண்டும் என்று கிடங்கே திருப்பிக் கேட்கிறது.

இப்படிக்கு,
தரவுக் கிடங்குப் பணியிலுள்ள ஒரு வாசகர்