மாமி கொடுத்த ஃபோல்டரைத் தூக்கிப் போடு

அன்புத் தோழி,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம்தான் என்று உன் மெசேஜில் தெறிக்கிற கோபமே சொல்கிறது. இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு நேரில் பார்க்கும்போது வேண்டியமட்டும் திட்டிக்கொள். இப்போது அதைவிட அவசரமான காரியம் இருக்கிறது.

நம் தோழி மாமி கொடுத்த ஃபோல்டரை வைத்து உன் விண்டோஸ் லேப்டாப்பில் மேக்ஓஎஸ் (ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கென்றே செய்த இயங்குதளம்) போடப் பார்த்திருக்கிறாய். அது நடுவில் நின்றுபோனதும் நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கடைசி வரியில் ‘எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட்’. அதற்குக் கீழே நீ கேட்டிருப்பது: “லேப்டாப் செத்துப்போச்சா? இதில் வராவிட்டால் தம்பியோட புது லேப்டாப்பில் போட்டுப் பார்க்கவா?” முதல் கேள்விக்கு நிதானமாக வருகிறேன். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நிம்மதியாக இரு. இரண்டாவது கேள்விக்கு இப்போதே பதில்: தம்பியின் லேப்டாப்பைத் தொடாதே.

அது 11-ஆம் தலைமுறை இன்டெல், உள்ளே ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ். ஆப்பிள் அந்தச் சிப்பை எந்த மேக்கிலும் வைத்து விற்கவில்லை. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்துவிட்டது, இன்டெல் வரிசையில் 10-ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டார்கள். மேக்கில் இல்லாத சிப்புக்கு மேக்ஓஎஸ்ஸில் டிரைவர், அதாவது அதை இயக்குகிற மென்பொருள், எப்படி இருக்கும்? நீ எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் இல்லாத டிரைவரைக் கொண்டுவர முடியாது. எப்படியோ திரை வரை வந்தாலும் ஒரு விண்டோவை இழுத்தால் துண்டு துண்டாக நகரும். கூடவே அதில் ஒரு என்விடியா கார்டு வேறு. என்விடியாவில் மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு மேக்ஓஎஸ் 10.13 ஹை சியராவோடு கதை முடிந்தது, அதற்குப் பின்னால் வந்த டூரிங்குக்குத் தொடக்கத்திலிருந்தே டிரைவர் கிடையாது. எந்த மன்றத்தில் யார் வீடியோ போட்டிருந்தாலும் சரி, அந்த மெஷினைத் தம்பி விண்டோஸிலோ லினக்ஸிலோ சந்தோஷமாக ஓட்டட்டும்.

உன்னுடைய பழைய 8-ஆம் தலைமுறை மெஷின்தான் தங்கம். யுஎச்டி 620 கிராபிக்ஸ், என்விடியா இல்லை. என்னுடையதிலும் அதே பிராசஸர்தான், ஐ5-8250யு. மேக்ஓஎஸ்ஸின் சோனோமா பதிப்பு இப்போது அதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தச் செய்திக்கும் வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அப்பாவின் படங்கள், அவர் குரல் பதிவுகள் எல்லாம் அந்த லேப்டாப்பின் டிஸ்க்கில்தானே இருக்கின்றன? வேறு எங்கும் பிரதி எடுத்து வைத்ததாக நீ சொன்னதே இல்லை. இன்ஸ்டாலருக்குள் டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்து ஒரு முறை ‘எரேஸ்’ கொடுத்தால் போதும், பார்ட்டிஷன் எல்லாம் போய்விடும். அந்த டிஸ்க்கைக் கழற்றி எடுத்து அலமாரியில் பூட்டி வை. காலி டிஸ்க் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதில் என்ன வேண்டுமானாலும் செய். அதைச் செய்யாமல் இன்ஸ்டாலரைத் தொடாதே. செய்துவிட்டேன் என்று எனக்கு எழுது.

சரி, மாமியின் ஃபோல்டருக்கு வருவோம்.

“எனக்கு ஓடுது, உனக்கும் ஓடும்” என்று கொடுத்திருப்பாள். பரீட்சைக்கு அவள் கொடுத்த நோட்ஸும் அப்படித்தானே! அவள் மனசு தங்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் கொடுத்த இ.எஃப்.ஐ ஃபோல்டர் (மெஷினை எழுப்பத் தேவையான கோப்புகள் இருப்பது) என்பது ஒரு குறிப்பிட்ட மெஷினைப் பற்றி எழுதிவைத்த வாக்குமூலம். இந்த மதர்போர்டில் இந்த நினைவகம் இப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, இந்த யுஎஸ்பி வாசலில் கேமரா இருக்கிறது, இந்த டச்பேட் இந்த வழியில் பேசுகிறது என்று மேக்ஓஎஸ்ஸுக்குச் சொல்கிறது. அவளுடைய மெஷின் 6-ஆம் தலைமுறை. உன் மெஷினைப் பற்றி அவள் ஃபோல்டர் சொல்வதில் பாதி பொய். ஏன், மாடல் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் நம்ப முடியாது. ஒரே பெயரில் விற்ற இரண்டு லேப்டாப்பில் டச்பேட் இணைகிற வழி ஒன்றில் பிஎஸ்2, இன்னொன்றில் ஐ2சி. ஒன்றில் சாதாரண எஸ்எஸ்டி, இன்னொன்றில் சாம்சங் பிஎம்981. அந்த பிஎம்981 ‘கெர்னல் பேனிக்’ கொடுப்பதில், அதாவது இயங்குதளத்தையே சரியவைப்பதில், பேர்போனது. இதில் கவலைப்பட இன்னொன்றும் இருக்கிறது: அந்த ஃபோல்டருக்குள் மாமி தன் மெஷினுக்காக உண்டாக்கிய சீரியல் எண் அப்படியே கிடக்கும். இரண்டு பேரும் ஒரே எண்ணோடு ஆப்பிள் கணக்கில் நுழைந்தால் இருவருக்கும் தொல்லை. உன் மெஷினுக்கு நீயே புதிதாக ஒன்று உண்டாக்கிக்கொள்.

ஆகவே, அதைத் தூக்கிப் போடு. டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன், விண்டோஸ் இன்னும் ஓடும்போதே டிவைஸ் மேனேஜரைத் திறந்து உட்கார். என்ன பிராசஸர், என்ன கிராபிக்ஸ், சவுண்டு சிப்பின் எண் என்ன, வைஃபை கார்டு யாருடையது, டச்பேட் எதன் கீழ் தெரிகிறது, எஸ்எஸ்டியின் முழு மாடல் எண் என்ன என்று ஒரு தாளில் எழுது. இந்தத் தாள் இல்லாமல் தொடங்குகிறவர்கள்தான் ராத்திரி முழுக்க கெக்ஸ்டை (மேக்ஓஎஸ்ஸின் டிரைவர் கோப்பை) மாற்றி மாற்றிப் போட்டு ரீபூட் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது உன் முதல் கேள்வி. மெஷின் எங்கே நிற்கிறது என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. மேக்ஓஎஸ்ஸை எழுப்பிவிடுகிற ஓப்பன்கோர் என்ற மென்பொருளின் மெனுவே வராவிட்டால், அதன் அமைப்புகள் இருக்கிற கான்ஃபிக் கோப்பிலோ ஃபோல்டர் அடுக்கிலோ கோளாறு. கான்ஃபிக்கும் ஓப்பன்கோரும் வெவ்வேறு பதிப்பாக இருந்தால்கூட இது நடக்கும், ஓசிவேலிடேட் என்ற சோதனைக் கருவியை ஓட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். மெனு வந்து, நீ மேக்ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, வரிகள் ஓடி, ‘எக்ஸிட்பிஎஸ்’ஸில் நின்றால், பயாஸ் (மெஷினில் முதலில் விழிக்கிற மென்பொருள்) தன் பொறுப்பைக் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) ஒப்படைக்கிற அந்தக் கைமாற்றத்தில் சிக்கல். அதையும் தாண்டி வரிகள் ஓடிய பிறகு நின்றால் கெர்னல் எழுந்துவிட்டது, ஏதோ ஒரு பாகம்தான் அதற்குப் புரியவில்லை. ‘வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்’ என்று வந்தால் யுஎஸ்பியைப் பார், அல்லது பயாஸில் டிஸ்க் ஏஎச்சிஐ முறையில் இல்லாமல் ரெய்டு முறையில் இருக்கிறதா பார். ‘ஜிஐஓஸ்கிரீன்லாக்’ என்று முடிகிற வரிக்குப் பிறகு இருண்டால் அது கிராபிக்ஸ்.

நீ நடுவில் நிற்கிறாய். இது பெரும்பாலும் நினைவக அடுக்கு பற்றிய தகராறு. மாமியின் பழைய மெஷினில் கான்ஃபிக்கில் ‘எனேபிள்ரைட்அன்புரொடெக்டர்’ என்ற அமைப்பைப் போட்டால் வேலை நடக்கும். உன் பயாஸ் புதிது. ஓப்பன்கோரின் டீபக் பதிப்பைப் போட்டு லாக் எடுத்து, அதில் ‘மேட் சப்போர்ட் இஸ் 1’ என்று இருக்கிறதா பார். இருந்தால் அந்த ‘எனேபிள்ரைட்அன்புரொடெக்டரை’ நிறுத்திவிட்டு ‘ரீபில்ட்ஆப்பிள்மெமரிமேப்’, ‘சிங்க்ரன்டைம்பெர்மிஷன்ஸ்’ இரண்டையும் போடு. ‘ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக்’ கட்டாயம் வேண்டும், ஏனென்றால் லேப்டாப் பயாஸ்களில் சிஎஃப்ஜி லாக்கை (பிராசஸரின் ஓர் அமைப்பை மாற்றவிடாத பூட்டை) திறக்கிற வசதி அநேகமாக வெளியே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை அந்தத் தாளிலேயே எழுது. நான்கை ஒன்றாக மாற்றி ஓடிவிட்டால் எது குணப்படுத்தியது என்றே தெரியாமல் போகும், அடுத்த அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதைத் தாண்டியதும் உனக்குக் கிராபிக்ஸ் காத்திருக்கிறது, எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதியும் அதுதான். யுஎச்டி 620-இன் அடையாள எண் 5917. ஆப்பிளின் டிரைவருக்கு 5916-ஐத்தான் தெரியும். ஆகவே நீ 5916 என்று அறிமுகப்படுத்த வேண்டும், எந்த வகை மெஷின் என்று டிரைவருக்குச் சொல்கிற பிளாட்ஃபார்ம் ஐடி 59160000. ஆனால் கான்ஃபிக்கில் பைட்டுகளைப் பின்னாலிருந்து எழுத வேண்டும்: 00001659. நேராக எழுதிவிட்டு வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் ஏராளம். அடுத்தது டி.வி.எம்.டி, அதாவது பயாஸ் கிராபிக்ஸுக்கு ஒதுக்குகிற நினைவகம். மேக்ஓஎஸ் கிராபிக்ஸுக்கென்று 64 எம்பி ஒதுக்கியிருக்கும் என்று எதிர்பார்க்கிறது. நிறைய லேப்டாப்பில் பயாஸ் 32 எம்பிதான் கொடுக்கும், மாற்றவும் விடாது. அப்போது ஃபிரேம்பஃபர் பேட்சில் (கிராபிக்ஸ் டிரைவருக்கான திருத்தத்தில்) ஸ்டோலன்மெம் 19 எம்பி, எஃப்பிமெம் 9 எம்பி என்று குறைத்துச் சொன்னால் அந்த 32-க்குள் அடங்கிவிடும். இத்தனை சின்ன எண் ஒன்றுக்காக முழு மெஷினும் உறைந்து நிற்கும், அதைச் சரிசெய்த அடுத்த பூட்டில் திரை துல்லியமாக மலரும். அந்தக் கணத்துக்காகவே இதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும். திரை இருண்டே இருந்தால் பயந்துவிடாதே, டார்ச் அடித்துப் பார். மங்கலாக உருவம் தெரிந்தால் படம் வந்துவிட்டது, பேக்லைட்தான் எரியவில்லை. பேக்லைட்டுக்கான பிஎன்எல்எஃப் எஸ்எஸ்டிடி கோப்பைச் சேர்த்தாயா என்று பார்.

சத்தம், பேட்டரி இதெல்லாம் பெரிய விஷயமில்லை, சத்தத்துக்கான ஆப்பிள்ஏஎல்சி கெக்ஸ்டில் உன் சிப்புக்கான லேஅவுட் எண்ணை மாற்றிப் பார்த்தால் ஒன்று பொருந்தும். இன்டெல் வைஃபைக்கு ஐடிஎல்டபிள்யூஎம் என்ற கெக்ஸ்ட் இருக்கிறது. ஏர்டிராப் மட்டும் எதிர்பார்க்காதே.

இப்போது என் செய்தி. என் லேப்டாப் தூங்குகிறது! மூடியை மூடினால் தூங்கி, திறந்தால் எழுகிறது. உனக்கு இது சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் லேப்டாப்பில் இதைவிடக் கடினமான பகுதி எனக்குத் தெரிந்து இல்லை. முன்பெல்லாம் மூடியை மூடியதும் உடனே விழித்துக்கொள்ளும், பையில் கிடந்து கொதிக்கும். தூக்கமும் விழிப்பும் பதிவாகிற பிஎம்செட் லாக்கைப் பார்த்தால் எழுப்பியது ‘எக்ஸ்எச்சி’ என்றிருந்தது, அதாவது யுஎஸ்பி. ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்தான் மேக்ஓஎஸ் ஏற்கும், வெளியே ஒன்றாகத் தெரிகிற யுஎஸ்பி 3 வாசல் உள்ளே இரண்டாகக் கணக்காகும். மேக்ஓஎஸ் 11.3 வருவதற்கு முன்பு அந்த வரம்பை ஓப்பன்கோரின் ஒரு குவிர்க்கால் (சிறப்பு அமைப்பால்) தள்ளிவைக்க முடிந்தது, இப்போது எந்த வாசல் எது என்று ஒழுங்காக மேப் செய்தே ஆக வேண்டும். புளூடூத்தும் கேமராவும் உள்ளே யுஎஸ்பியில்தான் தொங்குகின்றன. அவற்றின் வகையை 255, அதாவது உள்வாசல் என்று குறித்தேன். தூங்கியதும் உடனே விழிப்பதைத் தடுக்கிற ஜிபிஆர்டபிள்யூ பேட்சையும் போட்டேன். இப்போது காலையில் திறந்தால் பேட்டரி அநேகமாக வைத்த இடத்திலேயே இருக்கிறது.

உன்னை ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் தெரியுமா? 2025 ஜூனில் ஆப்பிளே சொல்லிவிட்டது, மேக்ஓஎஸ் 26 டஹோதான் இன்டெல் மேக்குக்குக் கடைசி. அதிலேயே நான்கு இன்டெல் மாடல்கள்தான் மிச்சம், சத்தத்துக்கான ஆப்பிள்எச்டிஏ டிரைவரையும் எடுத்துவிட்டார்கள், அதனால் நம் மாதிரி மெஷின்களில் சத்தம் போய்விடுகிறது. ஆகவே டஹோவுக்கு ஆசைப்படாதே, சோனோமா போடு. அதற்கும் பாதுகாப்பு அப்டேட் காலத்துக்கும் வந்துகொண்டே இருக்காது. வங்கிக் கணக்கு, ஆபீஸ் சம்பளப் பட்டியல் எதையும் இதில் வைக்காதே. லைசென்ஸும் ஆப்பிள் பெயர் பொறித்த கணினிக்கு மட்டும்தான் அனுமதி தருகிறது. சைஸ்டார் என்ற நிறுவனம் இப்படி மெஷின் செய்து விற்று, 2009-இல் வழக்கில் தோற்றது. எழுத்துப்படி பார்த்தால் நம்முடையதும் அந்த அனுமதிக்கு வெளியேதான், அதைத் தெரிந்துகொண்டே இறங்கு. நம் நண்பன் தாடி இதைச் செய்து விற்கலாம் என்று உன்னிடம் பேசினானாமே, அவனிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல். நான் சொன்னால் கேட்கமாட்டான், உனக்குப் பயப்படுவான்.

ஆனாலும் நீ இதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை, மறைக்கமாட்டேன். ஒரு கணினி எப்படி விழிக்கிறது, யார் யாரிடம் என்ன சொல்லி எழுப்புகிறார்கள் என்று நாம் படித்தபோது எழுதியதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான். இதில் இறங்கியபோதுதான் அதெல்லாம் எனக்கு உண்மையாகவே புரிந்தது. உனக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். அந்த எக்ஸிட்பிஎஸ்ஸைத் தாண்டிவிடுவாய்.

முதலில் தாளை எழுதி முடி, உடனே டிஸ்க்கைக் கழற்று. பிறகு அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. டச்பேட் ஐ2சியா பிஎஸ்2வா என்பதை மறந்துவிடாதே, பயாஸின் பதிப்பு எண்ணும் வேண்டும். வந்ததும் கான்ஃபிக்கை இருவரும் வரி வரியாக உட்கார்ந்து எழுதலாம். மாமிக்கு நானே பேசிக்கொள்கிறேன், நீ ஒன்றும் சொல்லாதே.

உன் பழைய அறைத்தோழி