'விமானப் பயணத்துக்கு ஏற்றது' என்று விற்ற பவர் பேங்க் குறித்துப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்.
பொருள்: 30,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் அவர்) 'டிராவல் கிட்' (பவர் பேங்க், சுவர் சார்ஜர், கேபிள்): தவறான விளம்பரம், பணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தளத்தில் கடந்த மாதம் வாங்கிய மேற்படி பொருளின் பில்லும் பெட்டியின் படங்களும் இத்துடன் இணைத்துள்ளேன். பெட்டியின் முகப்பில் விமானப் படம் போட்டு 'விமானப் பயணத்துக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வாசகம்தான் என் முதல் புகார்.

விமான நிலையத்தில் பார்ப்பது எம்.ஏ.எச். அல்ல, வாட் அவர்; அதாவது உள்ளே சேமிக்கும் மொத்த மின்னாற்றலின் அளவு. உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். 30,000-ஐ 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 111 வாட் அவர் வருகிறது. தடையில்லாமல் கைப்பையில் கொண்டுபோக எல்லை 100 வாட் அவர். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும். 160-ஐத் தாண்டினால் எடுத்துச் செல்லவே முடியாது. செக்-இன் பெட்டியில் எந்த அளவு பவர் பேங்கும் வைக்கக் கூடாது. எமிரேட்ஸ் விமானங்களில் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட் அவருக்குக் கீழ். கொள்ளளவு அதன் மேல் எழுதியிருக்கவும் வேண்டும். ஆக, உங்கள் பொருள் துபாய் போகும் அந்த விமானத்தில் ஏறவே முடியாது. களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் எங்கள் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் போவது வளைகுடாவுக்குத்தான் என்பதையும் கவனியுங்கள்.

இதைவிட மோசமானது அச்சு. பவர் பேங்கின் உடலில் வாட் அவர் எண்ணே கிடையாது. எம்.ஏ.எச். எண் மட்டும் சாம்பல் நிற மையில் பொடி எழுத்தாக இருக்கிறது. வியர்வைக் கை பட்டு இரண்டே வாரத்தில் பாதி அழிந்துவிட்டது. எழுத்து தெரியாத பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிட்டால் பயணியால் வாதாட முடியாது. வரிசை பின்னால் நிற்கும், விமானம் காத்திருக்காது. அச்சுக்குப் பதிலாக லேசரில் பொறித்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இரண்டாவது, கூடவே தந்த சுவர் சார்ஜர். 'உலகம் முழுவதும்' என்று போட்டுவிட்டு நம் ஊர் உருண்டை இரு முனை பிளக் வைத்திருக்கிறீர்கள். துபாய், தோஹா, மஸ்கட் எல்லாம் சதுர மூன்று முனை சாக்கெட். அதன் கீழ் இரண்டு துளைகளுக்குள் மூடி இருக்கும்; மேலே எர்த் முனை நுழைந்தால்தான் அது திறக்கும். நம் பிளக்கைச் செருக மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறப்பவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்தான வேலை அது. சார்ஜரில் '220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்' என்றே அச்சாகியிருக்கிறது. சவுதியில் 60 ஹெர்ட்ஸ், ஜப்பானில் 100 வோல்ட். பயணத்துக்கு என்று விற்பதில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' இருந்தாக வேண்டும்.

22.5 வாட் வேகம் என்பதும் பெட்டியோடு சரி. 5 வோல்ட்டில் அதற்கு 4.5 ஆம்பியர் ஓட வேண்டும். நீங்கள் தந்த கேபிள் 3 ஆம்பியர் கேபிள், 5 வோல்ட்டில் 15 வாட்டைத் தாண்டாது. போனுக்குப் போய்ச் சேரும் அளவும் 30,000 அல்ல. செல்லின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 22,200 எம்.ஏ.எச். சூடாகப் போகும் பத்துப் பதினைந்து சதவீதத்தைக் கழித்தால் 19,000 முதல் 20,000 வரை. இந்த எண்ணைப் பெட்டியில் எங்கும் காணோம்.

நான் கேட்பவை: முழுப் பணம், திருப்பி அனுப்பும் செலவுடன். அல்லது வாட் அவர் பொறித்த 20,000 எம்.ஏ.எச். மாடல் (74 வாட் அவர்), பொருத்தமான பிளக்கோடு, விலை வித்தியாசத்தைத் திருப்பித் தந்து. எதுவானாலும், இந்த மாடலின் விற்பனைப் பக்கத்திலிருந்து விமான வாசகத்தை உடனே நீக்குங்கள். இன்றும் அதை நம்பி யாரோ வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்
இணைப்பு: பில், பெட்டி மற்றும் அழிந்த அச்சின் படங்கள்